கூத்தர் வரலாறும் மூலச் சான்றுகளும்
(தருமபுரி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு)

தகடூர் யாத்திரை என்னும் பழைய நூல் இன்று நமக்கு முழுமையாகக் கிடைத்திலது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர்மேற் சென்று அதியமானை வென்ற செய்தியைப் பொருளாகக் கொண்ட அந்நூலின் பாடல்கள் சில புறத்திரட்டினுள்ளும், வேறு சில உரையாசிரியர் காட்டும் மேற்கோள்களினுள்ளும் தங்கியுள்ளன. புறத்திரட்டைத் தொகுத்தவர் தகடூர் யாத்திரையைக் காத்தல் வேண்டும் என்று கருதித் தொகுத்தாரல்லர். துறைதோறும் நல்ல பாடல் தேடினார். உரையாசிரியரும் தம் விதிக்கு எடுத்துக்காட்டு வேண்டியே அப்பாடல்களை எடுத்தாண்டனர். பிறர் தம் தேவை கருதி எடுத்து வைத்த துணுக்குகளே நூலின் எச்சமாக நின்றன. அவற்றைக் கொண்டு நூலின் இயல்பை உய்த்துணரும் முறையில் தமிழ்ப் புலவர் நன்கு பயின்றவர்.

அத்தகடூரே இன்றைய தருமபுரி. அவ்வூரையும், பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி முதலிய சூழற்பகுதிகளையும் மேடையாகக் கொண்டு வாழ்ந்த கூத்தர், நாடக நடிகர், பாடகர், நகைச்சுவையாளர் ஆகியோரின் வரலாற்றை எழுதப் புகுவாரும் இந்நிலையிலேயே நிற்கின்றனர். அக்கலைஞர் தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்தது மிகக் குறைவு. அவர்களை விளம்பரப்படுத்தியவர், கண்காணித்தவர், அவர்தம் குரலை விற்றவர், அவர்களை நினைவுகூர்ந்தவர் ஆகியோர் எழுதியனவே எஞ்சியுள்ளன. ஆதலின், ஒரு சான்றில் என்ன செய்தி உளது என்று கேட்பதற்கு முன்னர், அச்சான்று யார் பொருட்டு எழுந்தது என்று கேட்டல் வேண்டும். இவ்வொரு கருத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

கலைஞரின் வகை

தருமபுரி வட்டாரத்தில் மேடைக் கலைஞரை இருவகையினராகக் கொண்டு நோக்குதல் பொருந்தும். ஒருவகையினர் தெருக்கூத்தர். திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நிகழுங்கால், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெறும். இறுதியில் படுகள நிகழ்ச்சி அமையும். மற்றொரு வகையினர், சங்கரதாசு சுவாமிகள் (1867-1922) காலந்தொட்டுப் பரவிய மேடை நாடகத்தைச் சார்ந்தோர். இவருள்ளும் ஒரு குழுவிற் கட்டுண்டு வாழ்ந்தோர் உளர். எக்குழுவையும் சாராது, இராசபார்ட்டு, ஸ்திரீபார்ட்டு, பபூன் எனத் தத்தம் வேடத்திற்குத் தனித்தனியே பேசி அமர்த்தப்பெற்று ஒரே இரவில் ஒன்றுகூடி நடித்துப் பிரிந்தோரும் உளர். பின்னையோர் ஆடியது ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்பட்டது. தென்மாவட்டங்களிலே வேரூன்றிய இவ்வழக்கத்தில், ஒரு வேடத்திற்கு இவ்வூரிலிருந்து ஒருவரும் மற்றொன்றிற்கு வேற்றூரிலிருந்து ஒருவருமாக வந்து, முன் ஒத்திகையின்றி, எல்லாரும் அறிந்த கதையை நடிப்பர்.

தனித்து அமர்த்தப்பெறும் இம்முறை அமெரிக்க நாட்டின் ‘வாட்வில்’ மேடையை நினைவூட்டுவது. 1880களிலிருந்து ஏறத்தாழ 1930 வரை அங்குச் சிறந்திருந்த அம்மேடையில் பாடகர், ஆடுநர், கழைக்கூத்தர், நகைச்சுவையாளர் ஆகியோர் தனித்தனியே ஒப்பந்தம் பெற்று, ஊர்தோறும் சென்று சிறு நிகழ்ச்சிகளை வழங்கினர். ஆனால் சான்று வகையில் இரண்டிற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அங்குக் கீத்து, ஆல்பி என்போரின் வணிக நிறுவனம் பல ஊர் அரங்குகளை ஒரு தலைமையின்கீழ் நடத்தியது. ஒவ்வோர் அரங்கின் மேலாளரும் வாரந்தோறும் ஒவ்வொரு கலைஞரைப் பற்றியும் தலைமையகத்திற்கு அறிக்கை எழுதினார். அவ்வறிக்கைகள் இன்று அயோவாப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. 1905இல் தோன்றிய ‘வெரைட்டி’ போன்ற தொழில் இதழ்களும் பெயர்களைப் பதிவு செய்தன. வணிகம் ஒருமுகப்பட்டிருந்தமையால் ஏடும் ஒருமுகப்பட்டு நின்றது. நம் கலைஞரின் வணிகமோ ஊர்ப் பெரியதனக்காரர், கோயில் விழாக் குழுவினர், இடைநின்ற முகவர் ஆகியோர் கையில் ஊர்தோறும் சிதறிக் கிடந்தது. ஆதலின் அதன் ஏடுகளும் ஊர்தோறும் சிதறின. இச்சிதறலைக் கலைஞரின் சிறப்பின்மைக்குச் சான்றாகக் கொள்வது தவறு.

நினைவு நூல்களின் எல்லை

தமிழ் நாடக வரலாறு எழுதுவோர் முதலில் நாடுவன இரண்டு நினைவு நூல்கள்: பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’, அவ்வை தி. க. சண்முகம் எழுதி 1972இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’. இரண்டும் அரிய கருவூலங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றை நாடக உலகம் முழுவதற்கும் சான்றாகக் கொள்ளும் வழக்கம் திருத்தத்திற்குரியது.

சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர். அச்சபையினர் கற்றவர், வேறு தொழில் உடையவர், நாடகத்தால் வயிறு வளர்க்க வேண்டாதவர். தொழிற்கூத்தர்மீது படிந்திருந்த இழிவுப் பெயர் தம்மேற் படியாதவாறு காத்துக்கொள்ள வேண்டிய நிலை அவர்க்கு இருந்தது. எனவே அந்நூலில் தொழில் நடிகர் தோன்றும் இடங்களை, சபையினர் தம்மை அவர்களினின்று பிரித்துக் காட்டும் இடங்கள் என்றே கொண்டு படித்தல் வேண்டும்.

சண்முகனார் நிலை வேறு. 1912இற் பிறந்து, 1918இல் மதுரையில் சங்கரதாசு சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையிற் சேர்ந்து, நாடகத்தாலேயே வாழ்ந்தவர். எனினும் அவர் கண் குழுவின் கண். வளர்ந்த நடிகரிடம் ஒழுங்கில்லாமை கண்டே சுவாமிகள் சிறுவர் குழுக்களை நாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பெறும் காரணம். அது குழுவினர் கூறும் காரணம் என்பதை ஆராய்வார் மறத்தல் ஆகாது. ஒழுங்கில்லார் எனப்பட்ட அந்நடிகர் தம் பக்கத்து நியாயத்தை எந்நூலில் எழுதினர்? அன்றியும், அந்நூல் வெளிவந்தபோது அதன் தொடக்க நிகழ்ச்சிகள் ஐம்பது ஆண்டுகட்கு முற்பட்டவை. நினைவு நூலின் ஆண்டுக் குறிப்பைப் பிற சான்றொன்றால் உறுதி செய்யாது எடுத்தாளுதல் ஏற்புடைத்தன்று.

ஆட்சிப் பெயரும் வழித்தடமும்

தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது. பின்னர் 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. ஆதலின் 1965க்கு முற்பட்ட தருமபுரிக் கலைஞரை ஆவணப் பட்டியல்களில் தருமபுரி என்னும் தலைப்பில் மட்டும் தேடுவார் பலவற்றை இழப்பர்; சேலம் என்னும் தலைப்பிலும் தேடல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிக்குரியன ‘பாராமகால் ஆவணங்கள்’ என்னும் பெயரில் உள்ளன. லெபானு தொகுத்த சேலம் கையேடும் (1883), ரிச்சர்ட்சு தொகுத்த சேலம் மாவட்ட விவரச் சுவடியும் (1918) ஆட்சியாளர்க்காக எழுந்தவை. கலைஞர் ஒருவர் பெயரைத் தேடி அவற்றுட் புகுதல் பயன் தராது. ஆனால் சந்தைகள், சாலைகள், விழாக்கள், மக்கட்பிரிவுகள் ஆகியன பற்றிய செய்தி அவற்றில் உண்டு. நாடகம் பணம் உள்ள இடத்திற்கும் மக்கள் கூடும் இடத்திற்குமே செல்லுமாதலின், அச்செய்தி கலைஞரின் வழித்தடத்தை உய்த்துணர உதவும். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் சிறு அகல இருப்புப்பாதை இடப்பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது நீக்கப்பட்டது. திரையும் பெட்டியும் ஆர்மோனியமும் கொண்டு செல்லும் குழுவினர்க்கு இத்தகைய பாதை உண்டா இல்லையா என்பது சிறு செய்தியன்று.

மேலும், இவ்வட்டாரம் தெலுங்கும் கன்னடமும் வழங்கும் எல்லையை அடுத்தது. குப்பி வீரண்ணாவின் நாடகக் குழு போன்றவை சிறந்து விளங்கிய மைசூர் நாடு அண்மையில் உளது. ஆதலின் தமிழ்ச் சான்றுகளோடு அமைந்து விடாது, கன்னட, தெலுங்கு இதழ்களிலும் தேடுதல் இவ்வட்டார ஆய்விற்கு இன்றியமையாதது.

அரசு ஆவணங்கள்

1876ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிச் சட்டம், அரசுக்கு ஒவ்வாத நாடகத்தைத் தடுக்கும் அதிகாரம் தந்தது. விடுதலைக்குப் பின் சென்னை மாநிலத்தில் 1954இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதன என அறிவித்தது. இச்சட்டங்களால் கலைஞர் துன்புற்றனர். ஆயின் அவற்றின் விளைவாக எழுந்த கோப்புகள் இன்று ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும், மாவட்டங்களினின்று வந்த அறிக்கைகளும், இந்திய மொழி இதழ்களின் சுருக்க அறிக்கைகளும் உள்ளன. இவற்றை நாடக வரலாற்றிற்குப் பயன்கொள்ளும் வழியை 1981இல் வெளிவந்த சு. தியடோர் பாசுகரனின் ஆங்கில நூல் தெளிவாகக் காட்டியது.

எனினும், காவலர் எதனைக் கேட்கச் சென்றாரோ அதனையே எழுதினார். தேசியப் பாடல்களால் பன்முறை சிறை சென்றவர் விசுவநாத தாசு. அவர் 1940 திசம்பர் 31ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமணத்தில் முருகனாக வேடம் பூண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் துறந்தார். கோப்புகளை மட்டும் கொண்டு அவர் வரலாற்றை எழுதுவார்க்குக் குற்றமாகிய பாட்டுக் கிடைக்கும். அப்பாட்டைக் கேட்க மக்களை ஈர்த்த நடிப்புக் கிடையாது. தடைக்குள்ளாகாத நகைச்சுவையாளரோ கோப்பில் இடமே பெறார். கழைக்கூத்தாடி போன்ற நாடோடிக் கலைஞருட் சிலர் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பதிவேடுகளில் இடம்பெற்றனர். அங்கே அவர் கலைஞராக அல்லர், ஐயத்திற்குரியவராகவே எழுதப்பட்டனர். அவ்வேட்டின் சொல்லை நம் சொல்லாக ஆளுதல் ஆகாது.

அச்சும் இசைத்தட்டும்

1867ஆம் ஆண்டு அச்சக, நூற்பதிவுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாகாணமும் தன்னகத்து அச்சான நூல்களைக் காலாண்டுதோறும் பட்டியலிட்டது. நூற்பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். நாடகப் பாட்டுப் புத்தகங்கள், குசிலிக்கடைச் சிறு நூல்கள் ஆகியவற்றின் செலவாணியை அறிய இதனினும் சிறந்த கருவி அரிது. சென்னை பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற வெளியீட்டாளர் தெருக்கூத்து நூல்களைப் பன்முறை அச்சிட்டனர். இத்தகைய மலிவுப் பதிப்புகளை உயர்ந்த நூலகங்கள் நெடுங்காலம் புறக்கணித்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் போன்ற தனியொருவர் விருப்பத்தாலேயே பல பிழைத்தன. அவர் தொகுப்பே 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது.

இசைத்தட்டுகளும் நல்ல சான்றுகளே. எசு. சி. கிட்டப்பா (1906-1933), கே. பி. சுந்தராம்பாள் (1908-1980) ஆகியோரின் மேடைக் குரல் இன்றும் நாம் கேட்கும்படி நிற்பது அவற்றால். ஆனால் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். மேடையில் அவையின் குறிப்பறிந்து விரித்துப் பாடிய பாட்டு, தட்டிற்காகக் குறுக்கப்பெற்றது. குறுக்கத்தைக் கேட்டு விரிவை அளத்தல் கூடாது.

நாடக அறிக்கையும் காலக் கணிப்பும்

மக்கள் ‘நோட்டீசு’ என வழங்கும் நாடக அறிக்கையே தனிக் கலைஞர் பெயரை மிகுதியாகத் தாங்கி நிற்கும் ஏடு. கலைஞரின் ஊர், வேடம், பட்டம், உடன் நடிப்போர் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. அதன் அமைப்பே கலைஞரிடையே நிலவிய மதிப்பு வரிசையைக் காட்டுவது என்பதை ஸ்பெஷல் நாடகம் பற்றி 2005இல் வெளிவந்த சூசன் சைசரின் நூல் விளக்கியுள்ளது. ஆயினும் நோட்டீசு நிகழ இருப்பதைக் கூறுவதேயன்றி நிகழ்ந்ததைக் கூறுவதன்று. மழையால் நின்ற நாடகத்திற்கும், வாராது போன நடிகர்க்கும் அறிக்கை உண்டு.

இவ்வறிக்கைகளிற் பல கிழமையும் தேதியும் தந்து ஆண்டைத் தாரா. அந்நிலையில் கல்வெட்டாய்வார் கையாளும் முறை நமக்கும் உதவும். எடுத்துக்காட்டாக, ‘மார்ச்சு 7, சனிக்கிழமை’ என்று மட்டும் உளதாகக் கொள்வோம். அது 1925, 1931, 1936, 1942 ஆகிய ஆண்டுகளுக்குப் பொருந்தும். ‘யுவ ஆண்டு மாசி’ என்னும் குறிப்பும் உடனிருப்பின் 1936 என்பது உறுதியாம். யுவ ஆண்டு அறுபது ஆண்டிற்கு ஒருமுறை வருவதாயினும், கிழமையும் தேதியும் சேர்ந்து ஐயத்தை நீக்கும். சாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்கக் கணிப்பு நூல் கல்வெட்டிற்கு மட்டும் உரியதன்று. கட்டணம் அணாவிற் குறிக்கப்பட்டதா, 1957இல் வந்த புதிய காசிற் குறிக்கப்பட்டதா என்பதும் காலத்தை வரையறுக்கும்.

எழுதப்படாத நகைச்சுவை

சான்று மிகக் குறைந்த கலைஞர் நகைச்சுவையாளரே. தெருக்கூத்தின் கட்டியக்காரனும் நாடக மேடையின் பபூனும் அவ்விரவில் அவ்வூரில் தோன்றியதைப் பேசுவர். அச்சிட்ட நூலில் அவர் பேச்சிற்கு இடமில்லை. நூலையே நாடகமாகக் கருதும் புலமை மரபில் பயின்ற நாம், எழுத்தில் இல்லாதவரை வரலாற்றிலும் இல்லாதவராக்கி விட்டோம். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கூறும் நாடகத்தமிழ் நூல்கள் பல மறைந்தன என்று வருந்துகிறோம். நம் காலத்துக் கூத்து வாத்தியார் இல்லங்களில் உள்ள கையெழுத்துக் குறிப்பேடுகள் கரையானுக்கு இரையாவது பற்றி அத்துணை வருந்துகின்றோமா? அச்சு நூலின் ஓரத்தில் எழுதிய அடங்கலும், பாட்டின் இடையே சேர்த்த வசனமும், எந்த ஊரில் எந்த இரவு எக்கதை ஆடினர் என்னும் குறிப்பும் அவ்வேடுகளில் அமைதல் கூடும். கோயில் விழாக் குழுவினரின் வரவு செலவுக் கணக்கில், கூத்திற்குக் கொடுத்த முன்பணமும் பெற்றவர் பெயரும் இருக்கும். கணக்கெழுதியவர்க்குக் கலையைப் புகழ வேண்டிய தேவையும் இகழ வேண்டிய தேவையும் இல்லை. அதனால் அக்கணக்கு நம்பத்தக்கது.

வாய்மொழிச் சான்றும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆனால் முதியவர் ஒருவரிடம் ‘எந்த ஆண்டு?’ என வினவுவதினும், முன்னரே திரட்டிய நோட்டீசையோ கணக்கையோ அவர்முன் வைத்து வினவுவது பயன் மிகத் தரும். ஏடு நினைவை எழுப்பும். நினைவு ஏட்டைத் திருத்தும்.

ஒருவரா, இருவரா?

இவ்வாறு திரட்டிய பல்வேறு சான்றுகளில் ஒரே பெயர் வருதல் இயல்பு. நோட்டீசில் பட்டத்தோடும், காவற்கோப்பில் தந்தை பெயரோடும் சாதியோடும், இசைத்தட்டில் ஊரோடும் ஒரு பெயர் வருமாயின், மூவரும் ஒருவரே என்று துணிதல் எளிது, பிழையும் எளிது. பெயரோடு ஊர், வேடம், உடன் நடித்தோர், காலம் ஆகியவற்றுள் இரண்டேனும் ஒத்தாலன்றி ஒருவர் எனக் கொள்ளலாகாது என்பது யாம் முன்வைக்கும் விதி. புலவர் வரலாற்றில் ஔவையார் பலரை ஒருவராக்கியதால் விளைந்த குழப்பத்தை நாம் அறிவோம். கலைஞர் வரலாற்றிலும் அதனைத் தோற்றுவித்தல் வேண்டா.

ஆராய்வார் கடமை

‘கூத்தாடி’ என்னும் சொல் இன்றும் வசையாக வழங்குகின்றது. அவ்வசைக்கு அஞ்சியே கலைஞர் குடும்பத்தார் பலர் பழைய ஏடுகளை மறைப்பர், சிலர் எரிப்பர். அவரிடம் செல்லும் மாணவர், ஏட்டை வாங்கிச் செல்பவராக அன்றி, படியெடுத்து ஏட்டை அவரிடமே திருப்பித் தருபவராகச் செல்லல் வேண்டும். காவற்கோப்பிற் கண்ட இழிசொல்லை, குறிப்பாக நாடக மகளிர் பற்றி எழுதப்பட்டதை, உண்மை என்று ஆராயாமலும், வழித்தோன்றல்களின் உளம் நோகுமா என்று எண்ணாமலும் வெளியிடுதல் ஆராய்ச்சி நேர்மையன்று.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தருமபுரி வட்டாரத்தினின்று வரும் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர்த் திரௌபதியம்மன் கோயிற் கணக்கையும், ஊரிலுள்ள ஒரு கூத்துக் குறிப்பேட்டையும் படியெடுத்து, கிடைத்த இடம், காலம், உடையவர் இசைவு ஆகியவற்றோடு துறை நூலகத்தில் வைப்பாராயின், பத்தாண்டில் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லாததொரு தொகுதி உருவாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா.

தருமபுரி நடுகற்களின் நிலம். ஆநிரை மீட்டு வீழ்ந்த வீரன் பெயரை அவன் ஊரார் கல்லிற் பொறித்தனர். நாம் அதனைப் படித்துப் பதிப்பித்தோம். இரவெல்லாம் ஆடி அவ்வூரை மகிழ்வித்தவன் பெயர்க்குக் கல் இல்லை. கணக்கேட்டின் ஒரு வரியும், கிழிந்த அறிக்கையின் ஒரு மூலையுமே அவனுக்குரிய எழுத்து. தகடூர் யாத்திரையின் சிதறிய பாடல்களைப் போற்றிய கையே அவ்வரியையும் போற்றுதல் தகும்.